எலக்ட்ரிக் குக்கரில் ஆவி: இட்லி கல்லானால், தண்ணீர் சொட்டினால், ஆவியே வராவிட்டால்

மல்டி குக்கர், அதாவது பட்டன் வைத்த எலக்ட்ரிக் பிரஷர் குக்கர், வீட்டுக்கு வந்த முதல் வாரம் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம் ஒன்றுதான். தட்டில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, மூடியைத் திருகி, 'ஸ்டீம்' என்று எழுதியிருக்கிற பட்டனை அமுக்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால் இட்லி அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி கிடக்கும். அன்றோடு அந்தக் குக்கர் பருப்பு வேகவைக்க மட்டும் என்று ஆகி, ஆறு மாதத்தில் பரணுக்கும் போய்விடும். என் வீட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. பரணுக்குப் போகிற வழியில் ஒருமுறை அதை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்ததால் தப்பித்தது.

கோளாறுகளுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். 'ஸ்டீம்' பட்டன் நம் இட்லிக் கொப்பரையின் வேலையைச் செய்வதில்லை. அது ஹீட்டரை முழு வேகத்தில் எரிய விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை முடிவு செய்வது மூடியின் மேலே இருக்கும் வால்வு. வால்வு சீலிங்கில் இருந்தால் ஆவி உள்ளேயே அடைபட்டு அழுத்தம் ஏறும், சூடு 115 முதல் 118 டிகிரி செல்சியஸ் வரை போகும். வென்ட்டிங்கில் இருந்தால் ஆவி வெளியே போய்க்கொண்டே இருக்கும், சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முதலாவது குண்டு போட்ட குக்கர், இரண்டாவது குண்டு கழற்றிய குக்கர். இட்லிக்கு அம்மா குண்டைக் கழற்றி வைத்ததை ஆயிரம் தடவை பார்த்திருப்போம், ஆனால் டிஜிட்டல் பட்டன் வந்ததும் மறந்துபோகிறது. (சில புதிய மாடல்களில் அழுத்தம் இல்லாத ஆவிக்கென்றே தனியாக ஒரு பட்டன் வருகிறது. அது இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம்.)

இனி உங்கள் கோளாறு எதுவோ அதைத் தேடிப் படியுங்கள்.

இட்லி தட்டையாக, பிசுபிசுப்பாக, கல் மாதிரி வருகிறது

முதலில் வால்வைப் பாருங்கள். சீலிங்கில் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. வெந்துகொண்டிருக்கும் மாவின் மேல் அழுத்தம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் விரிய இடமில்லை. போதாக்குறைக்கு நேரம் முடிந்ததும் அவசரப்பட்டு ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டால், உள்ளே அடைந்திருந்த ஈரம் குப்பென்று கிளம்பி இட்லியைக் கிழித்து நனைத்துவிடும். இட்லி, கொழுக்கட்டை, இடியாப்பம், புட்டு, இலை அடை எல்லாமே வென்ட்டிங் தான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

வென்ட்டிங்கில் வைத்தும் இட்லி எழும்பவில்லை என்றால், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே தட்டை உள்ளே வைத்தீர்களா என்று யோசியுங்கள். எலக்ட்ரிக் குக்கரில் தண்ணீர் கொதித்து ஆவி பிடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். அதுவரை மாவு வெதுவெதுப்பில் உட்கார்ந்து, குமிழெல்லாம் அடங்கி, ஓரம் மட்டும் காய்ந்து கிடக்கும். சாட்டே (வதக்கும்) பட்டனைப் போட்டுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள், பிறகு தட்டை இறக்குங்கள், மூடுங்கள், ஸ்டீமுக்கு மாற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றுவதும் இதே தப்புதான், அரைமணி நேரமாவது வெளியே இருக்கட்டும்.

அதிலும் சரியாக இருந்தால் குக்கரை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். ஒரு சொட்டு மாவை டம்ளர் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் புளிக்கவில்லை, எந்த மிஷின் வந்தாலும் பூப்போல வராது. குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இதே குக்கர் இங்கே உதவும்: யோகர்ட் பட்டனில் குறைந்த சூட்டை வைத்து மாவைப் புளிக்க விடலாம், ஆனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். குக்கர் மூடியைப் போடாமல் ஒரு தட்டால் மூடுங்கள். மாவு பொங்கி வால்வுக்குள் புகுந்து காய்ந்துவிட்டால் அதைக் குத்திக் குத்தி எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

டைமர் ஓடவே மாட்டேன் என்கிறது

இதைக் கெட்டுப்போன மிஷின் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. நிறைய மாடல்களில் அழுத்தம் வந்து மூடியில் இருக்கும் சின்ன பின் மேலே எழும்பின பிறகுதான் நேரம் குறைய ஆரம்பிக்கும். வென்ட்டிங்கில் அழுத்தமே வராது, பின்னும் எழாது, டைமரும் ஓடாது. மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. வால்விலிருந்து ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வரத் தொடங்கியதும் போனில் டைமர் வையுங்கள்: இட்லிக்கு 10 முதல் 12 நிமிடம், இடியாப்பத்துக்கு 6 முதல் 8, கொழுக்கட்டைக்கு 10. நேரம் முடிந்ததும் நீங்கள்தான் அணைக்க வேண்டும், அதுவாக அணையாது. இதை மறந்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனால் என்ன ஆகும் என்பது அடுத்தது.

தண்ணீர் வற்றிவிட்டது, அடிப்பிடித்த வாடை, திரையில் 'பர்ன்'

கையேட்டில் ஆறு லிட்டர் குக்கருக்கு ஒன்றரை கப் தண்ணீர் போதும் என்று இருக்கும். அது சீலிங்குக்குச் சொன்ன கணக்கு. சீலிங்கில் ஆவி வெளியே போவதில்லை, அழுத்தம் வந்தபின் ஹீட்டரும் விட்டு விட்டுத்தான் எரியும். வென்ட்டிங்கிலோ ஹீட்டர் நிற்காமல் எரிகிறது, போன ஆவி போனதுதான். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 ஜூல் வேண்டும். 1,000 வாட் ஹீட்டர் நொடிக்கு 1,000 ஜூல் தருகிறது. போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 26 மில்லிக்கு மேல் காலி. பன்னிரண்டு நிமிட இட்லிக்கு 300 மில்லியைத் தாண்டிவிடும். ஒன்றரை கப் என்பதே 375 மில்லிதான், அப்படியானால் இரண்டாவது ஈடு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டரை கப் ஊற்றுகிறேன். ஆறு லிட்டர் உள்பாத்திரத்தில் அது ஒரு விரல் அகலத்துக்குத்தான் நிற்கும், தட்டைத் தொடாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் ஒரு கப் வெந்நீர் சேர்க்கிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

பாட்டி இட்லிக் கொப்பரையில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு வைப்பார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது அடியில் கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். எலக்ட்ரிக் குக்கரிலும் காது கொடுத்துக் கேட்டால் இந்த வித்தை வேலை செய்கிறது, மூடி கனமாக இருப்பதால் சத்தம் கொஞ்சம் அடங்கிக் கேட்கும், அவ்வளவுதான். காசை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டாலும் போதும்.

தண்ணீர் இருந்தும் 'பர்ன்' வந்தால், உணவோ மாவோ அடியில் விழுந்து ஒட்டியிருக்கிறது. முந்தின நாள் குழம்பின் அடி சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலும் வரும். எதையும் பாத்திரத்தின் அடியில் நேராக வைக்காதீர்கள், கூடவே கொடுத்த கம்பி ஸ்டாண்டு அதற்குத்தான்.

மேலே சொதசொத, நடுவில் குழி

மூடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கொப்பரை மூடி கொஞ்சம் கூம்பாக இருப்பதால் நீர் ஓரமாக வழிந்து இறங்கிவிடும். எலக்ட்ரிக் குக்கர் மூடியின் உள்பக்கம் ஆணி, வளையம், வால்வுத் தொப்பி என்று மேடுபள்ளமாக இருப்பதால் நேராக நடுவில் சொட்டும், அதனால் மேல்தட்டு இட்லிதான் எப்போதும் அடிவாங்கும். மேல்தட்டைக் காலியாக விட்டுக் கவிழ்த்து வைப்பது ஒரு வழி, கடைசித் தட்டின் மேல் ஒரு வாழை இலைத் துண்டைப் போடுவது இன்னொன்று, எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வாசனையும் வரும். மெல்லிய பருத்தித் துணியும் போடலாம், ஆனால் தட்டோடு சுருட்டிக் கட்டிப் போடுங்கள். துணி மேலே எழும்பி வால்வு ஓட்டையை அடைத்தால் வென்ட்டிங்கில் வைத்ததே வீண், உள்ளே அழுத்தம் ஏற ஆரம்பித்துவிடும். மூடிமேல் துண்டைப் போட்டு வால்வை மூடுகிற பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

அணைத்த உடனே மூடியைத் திறந்து அப்படியே தட்டுக்கு மேலே தூக்கினாலும் மூடியில் இருக்கிற தண்ணீர் மொத்தமும் இட்லிமேல்தான் கொட்டும். உங்களை விட்டு அந்தப் பக்கமாகச் சாய்த்துத் திறந்து, ஒரே வீச்சில் ஓரமாக எடுங்கள். முகம் தள்ளி இருக்கட்டும், ஆவி சுடுவது கொதிநீர் சுடுவதைவிட மோசம்.

கீழ்த்தட்டு மட்டும் களி மாதிரி இருந்தால் காரணம் மூடி இல்லை. கொதிக்கிற தண்ணீர் துள்ளித் தட்டின் குழியைத் தொடுகிறது. இட்லி ஸ்டாண்டைக் கம்பி ஸ்டாண்டின் மேல் ஏற்றி வையுங்கள்.

நடுத்தட்டு வேகவில்லை

தட்டுகளை ஒரே நேர்க்கோட்டில் அடுக்கியிருக்கிறீர்கள். ஒரு தட்டின் குழிக்கு மேலே அடுத்த தட்டின் குழி வராமல், இடைவெளிக்கு மேலே வருமாறு திருப்பி அடுக்கினால் ஆவி போக வழி கிடைக்கும். கூடையை முட்ட முட்ட நிரப்புவதும் இதே கோளாறுதான். ஆவி ஒரு பொருளைத் தொட்டுக் குளிர்ந்து நீராகும் இடத்தில்தான் தன் சூட்டைக் கொடுக்கிறது, தொடாத இடம் வேகாது. மோமோ, கொழுக்கட்டை இவற்றுக்கு நடுவில் ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள்.

ஆவியே வரவில்லை, அல்லது ஓரத்தில் கசிகிறது

சீலிங்கில் வைத்தும் பின் எழவில்லை என்றால் முதல் சந்தேகம் சிலிக்கான் ரிங்மேல்தான். கழுவி மாட்டும்போது ஒரு பக்கம் கம்பிக்கு வெளியே வந்திருக்கும். விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், சுற்றிச் சுழல வேண்டும், ஆனால் பிதுங்கக் கூடாது. அடுத்தது பின்: அதன் அடியில் இருக்கும் குட்டி சிலிக்கான் தொப்பியைக் கழுவும்போது சிங்க்கில் விட்டவர்கள் ஏராளம். அது இல்லாமல் அழுத்தம் நிற்காது.

ரிங்கும் பின்னும் சரி, ஆனால் முன்பு எட்டு நிமிடத்தில் வந்த ஆவி இப்போது கால்மணி ஆகியும் வரவில்லை என்றால், வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். இது நம்மூர்க் கோளாறு, எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230 வோல்ட்டில் 1,000 வாட் தருகிற ஹீட்டர் 180 வோல்ட்டில் 610 வாட்தான் தரும். கோடை மாலையில் தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் குக்கர் மந்தமாக இருப்பதும், காலை ஐந்து மணிக்குச் சுறுசுறுப்பாக இருப்பதும் இதனால்தான். நேரத்தைப் பட்டனை அமுக்கிய நிமிடத்திலிருந்து எண்ணாமல் ஆவி சீராக வந்த நிமிடத்திலிருந்து எண்ணினால் பாதிப் பிரச்சினை இல்லை.

உயிரே இல்லை, விளக்குகூட எரியவில்லை என்றால், அது அமெரிக்காவிலிருந்து வந்ததா? என் நாத்தனார் ஊருக்கு வரும்போது ஆசையாக ஒன்று வாங்கி வந்தார். பின் மாற்றும் சின்ன அடாப்டர் போட்டு நான்தான் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் அமைதி. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்னின் வடிவத்தை மாற்றுவது வோல்டேஜை மாற்றாது. ஹீட்டருக்குள் கிட்டத்தட்ட நாலு மடங்கு சக்தி பாயும். தாங்கக்கூடிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (1,500 வாட்டாவது) வாங்கினால் ஓட்டலாம், ஆனால் அது குக்கரைவிடக் கனம். அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வென்ட்டிங் ஆவியும் அந்தச் சூடுதான். இட்லிக்கு மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

காய் குழைந்து, பச்சை நிறம் போய்விட்டது

இப்போது சீலிங் பக்கம் வருவோம். காய்க்கு சீலிங் ஆகாது என்று இல்லை, ஆனால் திரையில் நீங்கள் வைக்கும் எண் மட்டும் சமைக்கும் நேரம் என்று நினைப்பதுதான் தப்பு. அழுத்தம் ஏறுவதற்கு ஆகிற அந்த ஏழெட்டு நிமிடமும் காய் வெந்துகொண்டுதான் இருக்கிறது. பீன்ஸ், கேரட் துண்டு, பிராக்கோலி, காலிஃபிளவர் இவற்றுக்கு 0 நிமிடம். ஆம், பூஜ்யம் வைக்கலாம், பல மாடல்கள் ஏற்றுக்கொள்ளும். அழுத்தம் வந்த கணமே நின்றுவிடும், நீங்கள் உடனே ஆவியைத் திறந்துவிட வேண்டும். அதற்கும் குழைந்தால் வென்ட்டிங்கில் நாலைந்து நிமிடம் போதும். சோளக்கதிருக்கு 3 நிமிடம், முழு உருளைக்கிழங்குக்கு 12, சர்க்கரைவள்ளிக்கு 12 முதல் 15, இவை பெரிசு சின்னதைப் பொறுத்து மாறும். கிழங்குகளுக்கு ஆவியைத் திறக்காமல் தானாக அடங்க விடுங்கள், இல்லாவிட்டால் தோல் வெடித்து மாவு சிதறும்.

நிறம் போவதற்கு வேறு காரணமும் உண்டு. பச்சைக் காயிலிருந்து வேகும்போது கொஞ்சம் அமிலம் ஆவியோடு வெளியேறும். மூடி இறுக்கமாக இருந்தால் அது திரும்பக் காய்மேலேயே இறங்கி, பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடுகிறது, பீன்ஸ் காக்கிச் சட்டை போட்டுக்கொள்கிறது. வென்ட்டிங்கில் அது வெளியே போய்விடும். வெந்ததும் கூடையை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் நிறம் நிற்கும்.

முட்டைக்கு மட்டும் சீலிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கம்பி ஸ்டாண்டில் அடுக்கி, ஒன்றரை கப் தண்ணீர், 5 நிமிடம், பிறகு 5 நிமிடம் அப்படியே விட்டு, குளிர்ந்த தண்ணீரில் 5 நிமிடம். ஓடு ஒரே தோலாக உரிந்து வரும்.

கொழுக்கட்டை வெடிக்கிறது, இடியாப்பம் வறண்டு போகிறது, புட்டு கட்டியாகிறது

வென்ட்டிங்கில் வைத்தும் கொழுக்கட்டை வெடித்தால் அதில் பாதி மேல்மாவின் குற்றம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுக் கிளறாத மாவு எங்கே வைத்தாலும் வெடிக்கும். மீதிப் பாதி நேரத்தின் குற்றம். மேலே பளபளப்பு வந்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பூரணம் ஏற்கனவே வெந்ததுதான், அதைத் திரும்ப வேகவைத்தால் வெல்லம் இளகித் தோலைத் துளைத்துக்கொண்டு வரும்.

இடியாப்பம் வறண்டால் ஆவி போதவில்லை, அல்லது அணைத்த பிறகு, பண்டத்தைச் சூடாகவே வைத்திருக்கும் 'கீப் வார்ம்' ஓடிக்கொண்டிருக்கிறது. வென்ட்டிங்கில் வைத்த எந்தப் பண்டத்துக்கும் கீப் வார்மை அணைத்துவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் இட்லியையும் ஓரம் காயவைத்துவிடும்.

புட்டுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண குக்கரில் குண்டைக் கழற்றிவிட்டு அந்த மூக்கின்மேல் புட்டுக்குழாயைச் செருகுவோமே, அதை எலக்ட்ரிக் குக்கரின் வால்வில் செய்யாதீர்கள். அந்த வால்வு கனம் தாங்கவோ இறுக்கிப் பிடிக்கவோ செய்ததில்லை. சிரட்டைப் புட்டு மாதிரி ஓட்டை போட்ட சின்னக் கிண்ணங்களில் நிரப்பி, ஸ்டாண்டின் மேல் வைத்து வென்ட்டிங்கில் எடுங்கள். கட்டியாகிறது என்றால் மாவில் ஈரம் கூடுதல்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கிண்ணத்தில் அமுக்கி நிரப்பாதீர்கள், ஆவி போக வழி வேண்டும்.

மீன் நாரானால் அதற்கும் வென்ட்டிங்தான் மருந்து. இலையில் மடித்த துண்டு மீனுக்கு 8 முதல் 10 நிமிடம்.

பால்கொழுக்கட்டையில் சாம்பார் வாசம்

ரிங் தான் குற்றவாளி. சிலிக்கான் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சோப்பால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இரண்டு ரிங் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று குழம்பு பிரியாணிக்கு, இன்னொன்று இட்லி இனிப்புக்கு. கலர் வேறுவேறாக வாங்கினால் வீட்டில் மற்றவர்களும் மாற்றிப் போட மாட்டார்கள் (போடுவார்கள், இருந்தாலும்). வாசம் பிடித்த ரிங்குக்கு, ஒரு கப் தண்ணீரில் அரை கப் வினிகரும் எலுமிச்சைத் தோலும் போட்டுச் சீலிங்கில் 5 நிமிடம் ஓட்டி, பிறகு வெயிலில் ஒரு நாள் காயப்போடுங்கள். முழுசாகப் போகாது, குறையும்.

உள்பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு வந்திருக்கிறதே என்று அதே சமயம் பயந்து கேட்பார்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்பு, கெடுதல் இல்லை. எவர்சில்வரைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காமல், அடுத்த முறை ஆவிக்கு வைக்கும் தண்ணீரிலேயே கோலிக்குண்டு அளவு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போட்டுவிடுங்கள். இட்லி வெந்து இறங்கும்போது பாத்திரமும் பளிச்சென்று இருக்கும்.